களைகட்டலும் சிற்றுயிர்களும்: வீட்டுத் தோட்டத்தில் தமிழ்

சங்க இலக்கியத்தைப் பாடமாக நடத்தும் வகுப்பறைகளில், உரைக்குறிப்பு என்னும் பெயரால் ஒரு பெருஞ்செல்வம் நாள்தோறும் மூடி வைக்கப்படுகின்றது. 'வேளை: ஒருவகைச் செடி', 'முயிறு: ஒருவகை எறும்பு', 'கரந்தை: ஒருவகைப் பூ' என்று நாம் சொல்ல, மாணவர் எழுதிக்கொள்கின்றனர். தேர்விலும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். அந்தச் செடியோ அவர்தம் வீட்டுக் கொல்லையில் கிணற்றடியை ஒட்டி நிற்கின்றது. அந்த எறும்போ அவர்தம் மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டிக் குடியிருக்கின்றது. பாட்டி அவற்றின் பெயரை அறிவார், பேரன் அறியான். பேரன் அறிந்த பாட்டைப் பாட்டி அறியார். இவ்விருவருக்கும் இடையே அறுந்து கிடக்கும் இழையை முடிந்து பார்க்கும் சிறு முயற்சியே இக்கட்டுரை. வீட்டுத் தோட்டத்திலும் தோப்பிலும் காணும் களைகளையும் பூச்சிகளையும் தமிழ்ச் சொல்வழி நின்று ஈண்டு நோக்குவோம்.

களை என்னும் சொல்

களையப்படுவது களை. வினையே பெயராக நின்றது. இதனால் ஓர் உண்மை புலனாகின்றது. களை என்பது எந்தச் செடிக்கும் இட்ட பெயரன்று. ஒரு செடியைப் பற்றி உழவன் கூறும் தீர்ப்பு. வாழைக்கன்றின் அடியில் தானே முளைத்த நெல் களைதான். கீரைப்பாத்தியில் முளைத்த தக்காளிக் கன்றும் களைதான். அவ்வாறே கீரைக்காரர் விதைத்து வளர்க்கும் பருப்புக்கீரை, மல்லிகைப் பந்தலின்கீழ் முளைத்தால் பிடுங்கி எறியப்படுகின்றது. இடமும் வேண்டுவோர் விருப்பமுமே களையை உண்டாக்குகின்றன.

கம்பர் நாட்டுப் படலத்தில் இதனை வைத்து ஓர் அழகிய விளையாட்டு நிகழ்த்துகின்றார். கோசல நாட்டு வயலில் களையாக முளைத்தவை தாமரையும் குவளையும் ஆம்பலும். அவை உழத்தியரின் முகத்தையும் கண்ணையும் வாயையும் ஒத்திருத்தலால், களை பறிக்க வந்த மள்ளர் பறிக்க மனமின்றி வரப்பிலே உலாவி நிற்கின்றனராம். உழவுத் தொழிலின் நோக்கில் இது சோம்பல். காவியத்தின் நோக்கில் காதல். அரபு நாட்டைப் பாடவந்த உமறுப்புலவரும் சீறாப்புராண நாட்டுப் படலத்தில் தமிழ்நாட்டு மருதவளத்தையே விரித்துரைத்தார் என்பதை நம் மாணவர் அறிவர். வயலைப் பாடாமல் நாட்டைப் பாடத் தமிழ்ப்புலவருக்கு இயலவில்லை.

திருக்குறளின் உழவு அதிகாரத்தில் எருவிடுதலையும் நீர்பாய்ச்சுதலையும் காவலையும் கூறுமிடத்து, வள்ளுவர் 'கட்ட' என்று ஒரு சொல்லை ஆள்கின்றார். ஆண்டுதோறும் மாணவர் பலர் அதனைக் 'கயிற்றால் கட்டுதல்' என்றே பொருள் கொள்கின்றனர். அது கட்டுதல் அன்று. கள் என்னும் அடியிற் பிறந்த கட்டல், அதாவது களைதல். கொடியோரை அரசன் ஒறுத்தலைப் பைங்கூழுக்குக் களையெடுத்தலோடு ஒப்பிடும் செங்கோன்மைக் குறளிலும் இச்சொல்லே வருகின்றது. இக்காலத்திலோ 'பெருநாள் சந்தை களைகட்டியது' என்று எழுதுகின்றோம். அங்கே களை என்பது பொலிவு; 'முகத்தில் களை இல்லை' என்பதில் வரும் களை. ஒரே ஒலித்தொடர் ஒரு காலத்தில் பிடுங்குதலையும் இன்னொரு காலத்தில் பொலிதலையும் குறிக்கின்றது. வேர் வேறு, தோற்றம் ஒன்று. இதனை வகுப்பில் விளக்கக் கரும்பலகையினும் கொல்லைப்புறமே தக்க இடம்.

திணைப் பூக்கள் தோட்டக் களைகளாய்

புறத்திணைகள் பூப்பெயரால் அமைந்தவை என்று பாடம் சொல்லுகின்றோம். அப்பூக்களில் சில இன்று எங்கே நிற்கின்றன என்று பார்த்தால் வியப்பு மேலிடும். வெட்சியை வேலியோரத்தில் விரும்பி நடுகின்றோம். நொச்சியும் வேலிச்செடி. வாகை சாலைமரம். ஆனால் இரு பேரரசர் களத்தில் நேர்நின்று பொரும் திணைக்குப் பெயர் தந்த தும்பை, மழை பெய்தவுடன் முற்றத்தில் முளைத்து, வெண்ணிறச் சிறுபூவோடு ஒரு முழ உயரம் நின்று, துப்புரவின்போது முதலில் பிடுங்கப்படும் களை. கரந்தை என்பது அறுவடையான வயலில் தரையோடு படர்ந்து உருண்டைப் பூக்கொள்ளும் கொட்டைக்கரந்தை என்று கொள்வாருண்டு. அதுவும் களையே. மதில் வளைக்கும் திணைக்குரிய உழிஞையை, வேலியில் ஏறிப் படர்ந்து காற்றடைத்த பைபோலக் காய்க்கும் முடக்கற்றான் என்பர். மன்னர் சூடிய மூன்று பூக்களை நாம் மண்வெட்டியால் கொத்தி எறிகின்றோம். சூடியவரும் இவற்றை மாளிகைத் தோட்டத்தில் வளர்த்துச் சூடினாரல்லர். போர்க்களத்துக்குச் செல்லும் வழியில் காலடியில் கிடைத்தவற்றையே சூடினர் என்று கருத இடமுண்டு.

வேளை என்னும் செடியின் கதை வேறுவகை. சிறுபாணாற்றுப்படையில் வறிய இல்லத்துப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் கண்டு விடுவரோ என்று நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்ணுகின்றாள். அக்காட்சியில் வறுமையைக் காட்டுவது உப்பில்லாமை மட்டுமன்று. கீரைப்பாத்தியை விட்டுக் குப்பைமேட்டுக்குச் சென்ற அந்தக் கையும் காட்டுகின்றது. செடியை அறியாத மாணவருக்கு 'குப்பை' என்னும் அடையின் சுமை விளங்குவதில்லை. இன்றும் மழைக்காலத்தில் மூக்கிரட்டையும் குப்பைக்கீரையும் பண்ணைக்கீரையும் பறித்துச் செல்லும் மூதாட்டியரை ஊர்ப்புறத்தில் காண்கிறோம். அவர்கள் நாணிக் கதவடைப்பதில்லை. நகரத்தார் அவற்றை விலைகொடுத்து வாங்கத் தொடங்கிவிட்டனர்.

இனி நெருஞ்சிக்கு வருவோம். இதற்குச் சற்றுக் கூடுதலாக இடம் தருதல் தகும். குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார், முன்பு இனியனாய் இருந்து இப்போது இன்னாதன செய்யும் கணவனுக்கு நெருஞ்சியை உவமையாக்குகின்றார். கண்ணுக்கு இனிதாய்ப் பூத்தது பின்னர் முள்ளைத் தந்தது என்பது கருத்து. உரைநூல்களில் 'மலரும் முள்ளும் ஒருங்குடைய செடி' என்ற அளவில் விளக்கம் நின்றுவிடுகின்றது. அவ்வாறாயின் ரோஜாவைச் சொல்லியிருந்தாலும் உவமை பொருந்தும் அன்றோ? பொருந்தாது. ரோஜாவில் முள் தண்டில் இருக்கின்றது, பூ வேறு, முள் வேறு, இரண்டும் ஒரே காலத்தன. நெருஞ்சியின் தண்டில் முள் இல்லை. மஞ்சள் நிற மலர் உதிர்ந்து காயாகி, அக்காய் முற்றி ஐந்து பிளவாய்ப் பிரிந்து, ஒவ்வொரு பிளவிலும் முள் நீட்டி நிலத்தில் கிடக்கின்றது. அதாவது, எந்தப் பூ கண்ணுக்கு இனிதாயிருந்ததோ அந்தப் பூவே முள்ளாக மாறியது. அன்பு செய்தவனும் துன்பம் செய்பவனும் வேறு வேறு ஆளல்லர், அவனே இவன், காலம் மாற்றியது. தலைவியின் நெஞ்சு நோதலின் காரணம் இதுவே. செடியை ஒரு திங்கள் கூர்ந்து நோக்கியவர்க்கன்றி இவ்வுவமையின் கூர்மை தோன்றாது. புறநானூற்றில் மோசிகீரனார் பாழூரில் பூத்த நெருஞ்சி ஞாயிற்றை எதிர்கொண்டு நிற்பதைக் கூறுகின்றார். ஆள் வழங்காத மண்ணில் முதலில் குடியேறுவது இச்செடி என்பதும் அவர் கண்டது.

கோரையைப் பற்றிப் புலவர் பாடியதைவிட உழவர் ஏசியது மிகுதி. கையால் இழுத்தால் தாள் கையோடு வரும்; கிழங்கு மண்ணில் தங்கும். ஒரு கிழங்கிலிருந்து மண்ணுக்கடியில் கொடியோடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து மற்றொன்று எனச் சங்கிலியாய் நீளும். ஈரமண்ணில் கடப்பாரையால் நெம்பிக் கிழங்கோடு எடுத்தாலன்றி ஒழியாது. உலகிலேயே பயிர்களுக்கு மிகுந்த தொல்லை தரும் களை இதுவே என்று அறிவியலார் பலர் கூறுவர். முத்தக்காசு என்று நாட்டு மருந்துக் கடையில் நறுமணப் பொருளாக விற்கப்படுவதும் கோரையினத்துக் கிழங்கே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வந்தேறிய களைகள் சில உண்டு. உண்ணிச்செடி அழகுக்காக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டு, இன்று மலைக்காடுகளை மூடி நிற்கின்றது. பார்த்தீனியம் 1950-களில் புணே நகரில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவியது. வெறுங்கையால் பிடுங்குவோர் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டாகும். கையுறையோ பழந்துணியோ சுற்றிக்கொண்டு, பூக்கும் முன் பிடுங்குதல் வேண்டும். ஆனால் வெட்டுக்காயப்பூண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. அதற்குத் தமிழர் காயமாற்றும் பச்சிலை என்று பெயரிட்டு உறவாக்கிக்கொண்டனர். சிறுவர் அதனைத் தாத்தாப்பூ என்கின்றனர். வந்தவையெல்லாம் பகையல்ல. மிளகாயும் கொய்யாவும் பப்பாளியும் முந்திரியும் அவ்வாறு கடல்கடந்து வந்தவையே.

தொல்காப்பியரின் புல்லும் தென்னையின் நோயும்

மரபியலில் தொல்காப்பியர் வெளிப்புறம் வன்மை உடையதைப் புல் என்றும், உட்புறம் வன்மை உடையதை மரம் என்றும் வகுத்தார். அவ்விலக்கணப்படி தென்னையும் பனையும் கமுகும் புல்லினத்தைச் சார்ந்தவை. 'தென்னை எப்படி ஐயா புல்லாகும்?' என்று மாணவர் நகைப்பதுண்டு. இக்காலத் தாவரவியலும் தென்னையை ஒருவித்திலைத் தாவரமென்று புல்லின் பக்கமே வைக்கின்றது. இந்த இலக்கணம் ஏட்டளவில் நிற்பதன்று என்பதைத் தோப்புடையார் நன்கு உணர்வர்.

சிவப்புக் கூன்வண்டு தென்னையில் எங்கேனும் காயம் கிடைத்தால் அங்கே முட்டையிடுகின்றது. புழு உள்ளே புகுந்து மென்மையான நடுப்பகுதியைத் தின்றுகொண்டே செல்கின்றது. புறம் வயிரமாகையால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. நடுக்குருத்து வாடும்போதுதான் உடையவர் அறிகின்றார். அப்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகின்றது. பழந்தோப்புக்காரர் தண்டில் காதை வைத்துப் புழு கொறிக்கும் ஓசையைக் கேட்டறிவர். மாவும் வேம்பும் பட்டை கிழிந்தால் நாளடைவில் அக்காயத்தை மூடிக்கொள்ளும். தென்னையின் தண்டிற்கு அவ்வாற்றல் இல்லை. ஆதலால் ஏறுவதற்கென்று தண்டில் படி வெட்டுதலும், ஆணியடித்துக் கம்பி கட்டுதலும், பச்சை மட்டையை இழுத்து அறுத்தலும் வண்டிற்கு வாயில் திறந்துவிடும் செயல்களாம். புறக்காழ் என்னும் இலக்கணச் சொல் மாணவர் மனத்தில் பதிய இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

கூன்வண்டிற்கு வழிகோலுவது பல நேரங்களில் காண்டாமிருக வண்டு. அது குருத்தைத் துளைத்து உண்பதால், விரிந்த மட்டையில் கத்தரியால் வெட்டியது போன்ற கோணவடிவம் தோன்றும். அதன் புழு வளர்வது மரத்தில் அன்று, எருக்குழியில். தோப்பின் நடுவே மக்காத எருவைக் குவித்து வைத்துவிட்டு வண்டை நோவதில் பயனில்லை. எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழிக்கலாம். கோழிகள் இவ்வேலையைக் கூலியின்றிச் செய்யும். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் நீரில் ஊறவைத்து, சிறு மண்பானைகளில் தோப்பிடையே வைத்தால் வண்டுகள் வாடையால் ஈர்க்கப்பட்டு வந்து விழும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, மரமொன்றிற்கு 150 கிராம் வீதம் உள்மட்டைகள் மூன்றின் அடியில் இடுதலும் வேளாண் துறையினர் பரிந்துரைப்பதே.

அறிவு குறித்த பகுப்பும் மரபியலில் உண்டு. புல்லும் மரமும் ஓரறிவின. சிதலும் எறும்பும் மூவறிவின. நண்டும் தும்பியும் நான்கறிவின. சிதல் என்றால் கறையான். இச்சிற்றுயிர்களை அறிவுடையன என்று எண்ணிய நோக்கே போற்றத்தக்கது. திருக்குர்ஆனின் 16, 27, 29 ஆம் அத்தியாயங்கள் முறையே தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயரால் வழங்குவதையும் இவ்விடத்து எண்ணிப் பார்க்கலாம்.

முயிறு

மேலே சொன்ன எறும்புகளுள் ஒன்றே முயிறு. இன்று முசுறு, முசிறு என்று வழங்குகின்றோம். மாமரத்தில் ஏறியவர் எவரும் இதனை மறக்கமாட்டார். நற்றிணைப் பாடலொன்றில் நாரை ஒன்று உரசியதால் முயிற்றின் இலைக்கூடு கலைகின்றது. செந்நிற எறும்புகளும் அவற்றின் வெண்ணிற முட்டைகளும் கலந்து உதிர்வது, செந்நெல்லும் வெள்ளரிசியும் கலந்து சிந்தியதுபோல் தோன்றுகின்றதாம். ஒருமுறை கூட்டைக் கலைத்துப் பார்த்தவர் (தொலைவில் நின்றே பார்த்தல் நலம்) இவ்வுவமையில் ஒரு சொல்லும் மிகையில்லை என்பர்.

கி.பி. 304-ஐ ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் சீன நூலொன்றில், நாரத்தை இனத் தோப்புகளுக்காக இவ்வெறும்பின் கூடுகளைச் சந்தையில் விற்ற செய்தி காணப்படுகின்றது. மரத்தில் முயிறு இல்லையேல் பழங்கள் பூச்சியால் கெடும் என்று அந்நாட்டார் கண்டிருந்தனர். ஓர் உயிரைக் கொண்டு மற்றோர் உயிரை அடக்கும் முறைக்கு உலகில் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று இதுவே என்பர். எனினும் முயிற்றை முழு நண்பன் என்று கூறுதற்கில்லை. மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் சுரக்கும் இனிய நீரை விரும்பி, அவற்றை ஆடுமாடு மேய்ப்பதுபோல் காத்து நிற்பதும் இதன் இயல்பு. காய்ப்புழுவுக்குப் பகை, மாவுப்பூச்சிக்குக் காவல்.

கள்ளிப்பூச்சி: ஒரு பெயர் தாங்கிய வரலாறு

இக்கட்டுரையின் நெஞ்சு இப்பகுதியே. பப்பாளியிலும் செம்பருத்தியிலும் வெண்பஞ்சு அப்பியதுபோல் ஒட்டிச் சாறுறிஞ்சும் மாவுப்பூச்சியை உழவர் பலர் கள்ளிப்பூச்சி என்கின்றனர். பப்பாளியில் வாழும் பூச்சிக்குக் கள்ளியின் பெயர் ஏன்?

இதற்கு விடைகாண இருநூறு ஆண்டு பின்செல்ல வேண்டும். சப்பாத்திக்கள்ளி நம் மண்ணுக்குரியதன்று; அமெரிக்கக் கண்டத்தது. கள்ளியில் வாழும் ஒருவகைச் செதில்பூச்சியை நசுக்கினால் செஞ்சாயம் கிடைக்கும். அச்சாயத்தின் வாணிகத்தில் ஆசைகொண்ட கிழக்கிந்தியக் கும்பினியார் 1795-இல் பிரேசிலிலிருந்து அப்பூச்சியைத் தருவித்தனர். வந்தது நல்ல சாயம் தரும் இனமன்று. அதனினும் தாழ்ந்த வேறினம். சாயத் தொழில் நடவாது போயிற்று. ஆயின் அப்பூச்சி ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. பின்னர்த் தென்னிந்தியாவிற்கும் கொண்டுவரப்பட்டது. மற்றொரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அது தொடவில்லை. அக்கள்ளி தென்மாவட்டங்களில் மேய்ச்சல் நிலத்தையும் ஊர்ப்புறத்தையும் முள்வேலியாய் அடைத்துக்கொண்டது. 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு செதில்பூச்சி கொண்டுவந்து விடப்பட்டது. வெண்மெழுகு போர்த்த அப்பூச்சி கள்ளியின் மடல்களில் அப்பிப் பெருகிற்று. சில ஆண்டுகளில் பரந்த நிலம் கள்ளியினின்று விடுபட்டது. கள்ளிக்காட்டை வெண்பூச்சி அழித்த காட்சியை அக்கால மக்கள் கண்ணாரக் கண்டனர். பின்னர் வெண்பஞ்சு போன்ற எப்பூச்சியைக் கண்டாலும் அதே பெயர் நாவில் வந்தது என்பது நம் கருத்து. ஆவணக் காப்பகத்தில் கிடக்கும் செய்தியை மக்கள் ஒரு கூட்டுச்சொல்லில் சேமித்து வைத்திருக்கின்றனர்.

அப்பெயர் மீண்டும் ஊரெங்கும் ஒலித்தது 2008-இல். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி அவ்வாண்டு கோவையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி, தேக்கு என எதிலும் பற்றிப் படர்ந்தது. கொங்கு மாவட்டங்களில் பட்டுப்புழு வளர்ப்போர் மல்பெரித் தோட்டங்களை இழந்தனர். வீட்டு வாயிலில் நின்ற ஒற்றைப் பப்பாளியும் தப்பவில்லை. உழவர் மருந்துமேல் மருந்து தெளித்தனர். பூச்சியின் மேலுள்ள மெழுகுப்போர்வை மருந்தை உட்புகவிடவில்லை. மருந்தோ அப்பூச்சியைத் தின்னக்கூடிய பொறிவண்டு முதலியவற்றைக் கொன்றது. தெளிக்கத் தெளிக்கப் பெருகிய விந்தையின் காரணம் இது.

பப்பாளி நம்மிடம் வந்து நூற்றாண்டுகள் ஆயின. அதன் பகைவன் 2008-இல் வந்தான். பகைவனின் பகைவன் தாயகத்திலேயே தங்கிவிட்டான். சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருந்தது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூரு ஆய்வு நிறுவனத்தின் வழியாகத் தருவிக்கப்பட்டன. எள்ளினும் சிறிய குளவிகள் அவை. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே அதனைத் தின்று வெளிவரும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இவற்றைப் பெருக்கி மாவட்டந்தோறும் விட்டனர். மூன்றனுள் ஒன்று மிகச் சிறப்பாக நிலைபெற்றது. அடுத்த ஆண்டிற்குள் பப்பாளித் தோட்டங்கள் மீண்டும் தளிர்த்தன. எத்தனையோ குடங்கள் மருந்தால் ஆகாததை, கண்ணுக்குப் புலனாகாத ஒரு குளவி செய்தது.

2016-இல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ தோன்றியபோதும் இப்படிப்பினை உதவிற்று. மட்டையின் அடியில் சுருள்சுருளாய் வெண்மெழுகு. அதன்கீழ் உள்ள மட்டைகளில் ஒட்டுநீர் படிந்து கரும்பூசணம். பார்வைக்கு அச்சம் தருவது. எனினும் மருந்து தெளிக்க வேண்டா, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுக, நீரை விசையுடன் பீய்ச்சுக, இயற்கை ஒட்டுண்ணியைக் காக்க என்றே வல்லுநர் அறிவுறுத்தினர். இவ்வெச்சரிக்கை எளிதில் பிறந்ததன்று. கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மேல் தேயிலைக்கொசுவை ஒழிக்க ஆண்டுக்கணக்கில் வானூர்தி கொண்டு எண்டோசல்பான் தெளித்ததையும், அப்பகுதி மக்கள் உற்ற துயரையும், 2011-இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தடைசெய்ததையும் நாடு அறியும்.

கொல்லுமுன் பெயர் கேட்டல்

வீட்டுத் தோட்டத்தில் நிகழும் பிழைகள் பல பெயரறியாமையால் நிகழ்வன. எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளில் பறவை எச்சம்போல் ஒட்டியிருக்கும் புழுவைக் கண்டவுடன் மிதிக்கின்றோம். சில வாரம் கழித்து முற்றத்தில் கருஞ்சிறகு விரித்துப் பறக்கும் வண்ணத்துப்பூச்சியைக் குழந்தைக்குக் காட்டி மகிழ்கின்றோம். இரண்டும் ஒன்றே. ஓரிரு புழுக்களால் வளர்ந்த மரத்திற்குக் கேடில்லை. சிறு கன்றாயின் எடுத்து வேறு மரத்தில் விடலாம்.

பொறிவண்டு அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்னும் நண்பன். அதனை ஒத்த உருவில் கத்தரி, பாகல் இலைகளைச் சுரண்டித் தின்னும் புள்ளிவண்டும் உண்டு. நண்பனின் முதுகு பளபளக்கும். பகைவனின் முதுகு மெல்லிய மயிரால் மங்கியிருக்கும். இலை சல்லடையாய் இருந்தால் அங்கிருப்பது பகைவனே. பழ ஈயால் கெட்டு விழுந்த மாங்காய், கொய்யா, பாகல் முதலியவற்றை மரத்தடியில் கிடக்க விடுதல் ஆகாது. புழு அதிலிருந்து மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாகி மீண்டும் ஈயாய் எழும். அன்றாடம் பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும். மருந்தே வேண்டுமெனில் வேப்பங்கொட்டைப் பருப்புத் தூள் 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடித்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். காலையில் தெளிப்பது தகாது. பூசணிப்பூ வைகறையில் மலர்கின்றது; தேனீ வருவதும் அப்போதே. தேனீ வாராப் பந்தலில் பெண்பூ பிஞ்சிலேயே வெம்பி உதிரும்.

முதல்மழை பெய்த மறுநாள் செம்மண்ணில் பட்டுத்துணித் துண்டுபோல் ஊரும் தம்பலப்பூச்சியையும் கூறாமல் விடுவதற்கில்லை. எட்டுக்கால் உடைமையால் இது பூச்சியினமன்று, உண்ணியினம். சங்கப்புலவர் இதனை மூதாய் என்றனர். காயாம்பூ உதிர்ந்த முல்லைநிலத்தில் மூதாய் ஊர்வதை, நீலமணியும் பவளமும் விரவினாற்போல் அகநானூறு காட்டுகின்றது. 'மணிமிடை பவளம்' என்பது அந்நூலின் ஒரு பகுதிக்கே பெயராய் அமைந்ததையும் மாணவர் நினைக்க. மருந்து மிகுந்த நிலத்தில் இதனைக் காண்பது அரிதாகிவருகின்றது என்று முதியோர் கூறுகின்றனர்.

பெயர் தொகுப்பார்க்கு

நம் துறை மாணவர்க்கு ஒரு வேலை உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கிய இரண்டு மூன்று வாரத்தில் முற்றம், கிணற்றடி, தோப்பு, பள்ளிவாசல் வளாகம், மையவாடி ஆகிய இடங்களில் களை நிரம்பி நிற்கும். ஊர்ப்பெரியோர் ஆள்வைத்துத் துப்புரவு செய்யும் காலமும் அதுவே. வெட்டுமுன் ஒரு நாள் பெரியோர் மாணவர்க்குத் தவணை தருவாராக. ஒரு செடிக்கு ஒரு சீட்டு. சொன்னவர் உச்சரித்தவாறே பெயர், ஊர், சொன்னவரின் வயதும் தொழிலும், செடி நின்ற இடம், பூத்த திங்கள், உண்ணுவரா, மருந்தாக்குவரா, ஆடு கடிக்குமா என்பன அதில் இடம்பெற வேண்டும். மருந்துச் செய்தியைக் குறித்துக்கொள்ளலாம். மருத்துவரைக் கேளாமல் உட்கொண்டு பார்த்தல் கூடாது. பெயரைத் திருத்தி எழுதுதலும் கூடாது. முயிறு முசுறானதை முசுறு என்றே எழுதுக. கும்பிடுபூச்சியை ஒருவர் பெருமாள்பூச்சி என்பார், மற்றொருவர் தயிர்கடைப்பூச்சி என்பார், மூன்றையும் எழுதுக. 'தெரியாது, சும்மா பூண்டு' என்று விடை வந்தால் அதனையும் எழுதுக; அடுத்த வீட்டில் கேட்க அதுவே காரணமாகும்.

பெண்டிரிடம் கேட்டல் மிகுபயன் தரும். கீரை ஆய்வோரும் ஆட்டுக்குத் தழை ஒடிப்போரும் அறிந்த பெயர்களில் பாதியைத் தோப்புடையார் அறியார். முதற்சீட்டு நெருஞ்சியாய் இருக்கட்டும். பூவும் காயும் ஒரே கொடியில் கிடைக்கும். செருப்பணிந்து செல்க.